பதினொரு பொக்கட் வைத்த ஏப்ரன்

எதுவும் தொங்கினால் எனக்கு ஆகாது. மகள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தால், அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன், அவளுடைய ஷோல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்றுதான் பார்ப்பேன். மகன் ஃபேனுக்குக் கீழே துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றால் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பேன். பேருந்தில் முன்னால் இருப்பவரின் சேலைத் தலைப்பு வாசலுக்கு வெளியே பறந்தால், முன்பின் தெரியாத அந்த மனுசியின் தலைப்பை நானே எடுத்து மடியில் செருகிவிட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு 'தொங்கல் இன்ஸ்பெக்டர்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். (வைக்கட்டும். அவர்களுக்கென்ன, அவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.)

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். கையில் வட்டிலப்பத் தட்டோடு நின்றேன். நடந்தது அத்தனைக்கும் காரணம் நான் தைத்த ஓர் ஏப்ரன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி அட்டாளைச்சேனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு, எங்கள் வீட்டுக்கு, ஒரு தகரப் பெட்டி உடுப்போடும் இரண்டு மாட்டு வண்டில் நிறையத் தச்சு ஆயுதத்தோடும் வந்து சேர்ந்தவர்தான் இவர். தொழிலில் ஓடாவி. கட்டில், கதவு, அலுமாரி எல்லாம் செய்வார். வளவின் பின்பக்கம் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு, அதற்குள் புதிதாக ஒரு கடைசல் மெஷினும் பூட்டினார். மரத்தை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழல விட்டு, உளியை வைத்துக் கட்டில் கால், தூண் எல்லாம் உருட்டிக் கடைகிற மெஷின். கொட்டிலுக்குத் தனியாக மின்சாரம் இல்லாதபடியால் அடுக்களைச் சுவரிலிருந்து வயர் இழுத்திருந்தது. சுவிட்சும் அடுக்களைக் கதவோரம்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். அது கோபம் இல்லை, மரியாதை. இவர் கொட்டிலில் நின்றால் உம்மா அந்தப் பக்கம் வரமாட்டார். இவர் சாப்பிட உட்கார்ந்தால் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். அங்கிருந்து குரல் வரும்.

"புள்ள, மீன்ல முள்ளுக் கூட எண்டு சொல்லு."

இவர் மூன்று முழத் தூரத்தில் அந்த மீனைத்தான் தின்றுகொண்டிருப்பார். நான், "மீன்ல முள்ளுக் கூடவாம்" என்பேன்.

"பாத்துத்தான் தின்னுறன் எண்டு மாமிட்ட சொல்லு."

"பாத்துத்தான் தின்னுறாராம் உம்மா."

"ஆ, சரி எண்டு சொல்லு."

இப்படியே காலம் போனது. காலையில் மெஷின் ஓட வேண்டுமென்றால் இவர் கொட்டிலில் நின்றபடி, "புள்ள, சுவிட்ச்சப் போடச் சொல்லு" என்பார். சுவிட்சுக்குப் பக்கத்திலேயே தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் உம்மாவுக்கு அது பளிச்சென்று கேட்கும். ஆனால் உம்மா அசைய மாட்டார். நான் கிணற்றடியிலிருந்து ஓடி வந்து, "போடட்டாம் உம்மா" என்று சொன்ன பிறகுதான் போடுவார். ஒருமுறை காய்ச்சலில் எனக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் கோழியை வைத்துச் சமாளித்தார்கள். "கோழி, கோழி, சோறு ஆறப்போகுது" என்று உம்மா முற்றத்தைப் பார்த்துச் சொல்ல, இவர் அதே கோழியைப் பார்த்து, "கை கழுவிட்டு வாறன்" என்றார். கோழி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல கோழி.

இதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு கவலை இருந்தது. உம்மா எனக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பாதான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர். அவரோ விதைப்பு, அறுவடை என்று பாதி வருசம் வயல் வாடியிலேயே கிடந்தார். மருமகனைப் பற்றி உம்மா கல்புக்குள் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். (கேட்டால் "அவருக்குச் சொல்லு" என்று ஏதாவது ஆரம்பித்துவிட்டால்?)

சரி, ஏப்ரனுக்கு வருகிறேன்.

இவருக்கு ஒரு பழக்கம். ஆணியை வாயில் வைத்துக்கொண்டுதான் அடிப்பார். ஒன்றிரண்டு இல்லை, ஒரு பிடி. அந்த வாயோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார். பென்சில் காதில். அளக்கிற டேப் எங்கேயோ. உளியைச் சாரத்தின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு குனிவார். அவர் குனிகிற ஒவ்வொரு தடவையும் நான் அடுக்களையில் இருந்து கலிமா சொல்லுவேன். ஆணியை விழுங்குகிற மாதிரி, உளி வயிற்றில் ஏறுகிற மாதிரிக் கனவெல்லாம் கண்டேன். அப்போதே நான் அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள் நான். தையல் பரீட்சையில் அதிவிசேட சித்தி. கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சக் காலம் குமருப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லியும் கொடுத்தேன். அப்படிப்பட்ட ஒருத்தி வீட்டில் இருக்கும்போது, புருசன் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு திரிவதா? ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் கை ஈரத்தைத் துடைக்காமலே பழைய பத்திரிகைத் தாளை விரித்து வரைய ஆரம்பித்துவிட்டேன். உலகத்தில் இதுவரை யாரும் யோசிக்காத ஒன்றை நான் யோசித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. சோறு அடிப்பிடித்தது. கவனிக்கவில்லை.

ஆணிக்கு மூன்று பொக்கட், பெரிசு, நடு, சின்னன் என்று. பென்சிலுக்கு ஒன்று. டேப்புக்கு ஒன்று. உளிக்கு நெஞ்சுப் பக்கத்தில் நீளமாக ஒன்று. கோணம் பார்க்கிற மூலைமட்டத்துக்கு ஒன்று. மணல் தாளுக்கு ஒன்று. வியர்வை துடைக்கிற லேஞ்சிக்கு ஒன்று. தொழுகைக்குப் போகும்போது தேட வேண்டாம் என்று தொப்பிக்கு ஒன்று. கடைசியாக, எதற்கென்று தெரியாமல், அழகுக்கு ஒன்று. மொத்தம் பதினொன்று.

துணிக்கு எங்கே போவது? மெல்லிய துணி மரவேலைக்குத் தாங்காது. எனக்கு நல்ல கனமான துணி வேண்டும். அலுமாரியைத் திறந்தேன். கல்யாணத்துக்கென்று உம்மா மருதமுனைக்கே போய், தறியடியில் நின்று நெய்வித்து எடுத்த படுக்கை விரிப்பு இரண்டு இருந்தன. ஒன்று கட்டிலில். மற்றது மடிப்புக் கலையாமல் அலுமாரியில், சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்டு, ஓரத்தில் மாங்காய்க் கரையோடு. தொட்டுப் பார்த்தேன். மாட்டுத்தோல் மாதிரி இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். பிஸ்மி சொல்லிச் சொல்லி வெட்டினேன். பயத்தில் இல்லை, சந்தோசத்தில்.

முதல் ஏப்ரனை இவருக்கு மாட்டிவிட்டபோது மாப்பிள்ளைக் கோலத்தில்கூட இவர் இவ்வளவு வடிவாக இருக்கவில்லை என்று நினைத்தேன். இவர் குனிந்து தன்னைத்தானே பார்த்தார்.

"புள்ள, இது நம்மட விரிப்பு மாதிரி இரிக்கே."

"விரிப்பு இல்ல, ஏப்ரன். குனிஞ்சி காட்டுங்க."

குனிந்தார். பதினொரு பொக்கட்டும் ஒரே நேரத்தில் காலியானது. ஆணி எல்லாம் மண்ணில். போதாதற்கு அரை மணித்தியாலம் வாள் இழுத்ததில் பொக்கட் எல்லாம் மரத்தூள் நிரம்பி, பென்சிலை எடுக்கப் போனவர் ஒரு பிடி தூளை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

நான் தளரவில்லை. எல்லாப் பொக்கட்டுக்கும் மூடி வைத்துத் தைத்தேன். இப்போது ஒன்றும் விழவில்லை. ஒன்றும் எடுக்கவும் முடியவில்லை. ஒரு கையில் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியைத் திறக்கிற வித்தை இவருக்கு வரவில்லை. "ஆணி வேணும் எண்டா வேலைய நிப்பாட்டிட்டுத்தான் எடுக்கணும்" என்று முணுமுணுத்தார். அதோடு பாரம் முழுக்கக் கழுத்தில் தொங்கிக் கழுத்துப் பிடித்துக்கொண்டதில், அஸருக்குத் தொழப் போனவர் தலையைத் திருப்பி ஸலாம் கொடுக்கப் பட்ட பாட்டைப் பக்கத்தில் தொழுதவர் விசாரித்தாராம்.

பாரத்தை முதுகுக்கு மாற்ற வேண்டும் என்று புரிந்தது. என்ன ஒரு கண்டுபிடிப்பு. பட்டி இரண்டையும் முதுகில் குறுக்கே போட்டு, இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டு வந்து, வயிற்றில் முடிச்சுப் போடுகிற மாதிரி மாற்றினேன். உம்மாவின் சமையலில் மருமகன் பெருப்பார், எப்போதைக்கும் போதும்படி இருக்கட்டும் என்று பட்டியைத் தாராளமாக நீட்டி விட்டேன். முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு முனையும் முழங்கால் வரைக்கும் தொங்கும். அதில் வண்ணத்திப்பூச்சி மாதிரி ஒரு பூமுடிச்சும் போட்டு விட்டேன். தையல் பிய்ந்துவிடக்கூடாது என்று, மீன்வலை முடிகிற நைலோன் நூலால் மூன்று தரம் தைத்தேன். தையல் மெஷின் ஊசி இரண்டு முறிந்தது. "யானை கட்டி இழுத்தாலும் பிய்யாது" என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வார்த்தையை அல்லாஹ் கேட்டுக்கொண்டிருந்தான்.

விரிப்பு போன கதை உம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? கதவு இடுக்கால் பார்த்துவிட்டார்.

"கட்டில்ல விரிக்கிறத மனிசன்ல விரிச்சிரிக்காள்" என்று அம்மியிடம் சொன்னார். அம்மியும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் மிம்பர் விசயம் வந்தது. எங்கள் பள்ளிவாசலில் இமாம் ஏறி நின்று வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கம் ஓதுகிற மிம்பரைக் கறையான் தின்றுவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும். கைபிடி நெடுகிலும் கடைந்த தூண் வைத்த மிம்பர். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தலைவரான மரைக்காயர்தான் யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர். வெண்தாடி, தோளில் எப்போதும் ஒரு வெள்ளைச் சால்வை, ஒரு சொல்லுக்கு மேல் இரண்டாவது சொல் கதைக்காத மனிசன். ஊரில் சிலர் அவர் காதில் ஓதிவிட்டிருந்தார்கள், அட்டாளைச்சேனை ஓடாவி தூணெல்லாம் வெளியூரில் கடைந்து வாங்கி வந்து தன்னுடைய வேலை என்று காட்டுகிறார் என்று.

மரைக்காயர் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவாராம். தன் கண்ணுக்கு முன்னால் ஒரு தூண் கடைந்து காட்ட வேண்டுமாம்.

இவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு விளங்கியது. அந்த வேலை கிடைத்தால் இவர் எங்கள் ஊர் ஆள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊர் முழுக்க உட்கார்ந்து பார்க்கப்போகிற வேலை. கிடைக்காவிட்டால் பேரப்பிள்ளை கண்ட பிறகும் இவர் 'அட்டாளைச்சேனையார்'தான், ஊருக்கும் சரி, என்னுடைய கணக்கில் உம்மாவுக்கும் சரி.

வெள்ளிக்கிழமை. நான் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தேன். கொட்டிலைக் கூட்டினேன். ஏப்ரனைக் கஞ்சி போட்டு மடித்து வைத்தேன்.

"இண்டைக்கு இது வேணுமா புள்ள?" என்று இவர் தயங்கினார்.

"இண்டைக்குத்தான் வேணும். வாயில ஆணியோட மரைக்காயர்ர முன்னுக்கு நிக்கப் போறீங்களா?"

"கடையுறத்துக்கு ஆணி தேவையில்லையே."

"ஒரு ஒழுங்கு இருக்கட்டுமே." பதினொரு பொக்கட்டையும் நிரப்பி, பூமுடிச்சைப் போட்டு, அதன் இரண்டு காதையும் சமமாக இழுத்து விட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். மாஷா அல்லாஹ்.

மரைக்காயரும் அவரோடு ஒரு ஹாஜியாரும் வந்தார்கள். கொட்டிலில் கதிரையும், தேத்தண்ணியோடு ஒரு மேசையும் போட்டிருந்தது. மரைக்காயர் உட்கார்ந்து இவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார்.

"எங்கட வீட்டயும் இந்த மாதிரி ஒண்டு கட்டில்ல கிடக்கு" என்றார் ஹாஜியார்.

உம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால், தன் இடத்தில். இவர் மரத்தை மெஷினில் பூட்டினார். "புள்ள, சுவிட்ச்சப் போடச் சொல்லு." நான் சொன்னேன். உம்மா போட்டார். மோட்டார் உறுமியது, வார் சுற்றியது, மரம் சுழன்றது.

அல்லாஹ்வே, என்ன ஒரு கடைசல். உளி தொட்ட இடத்தில் மரம் ரிப்பன் ரிப்பனாக உரிந்தது. கழுத்து வந்தது, வயிறு வந்தது, குமிழ் வந்தது. மரைக்காயர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். அவர் வாயிலிருந்து, "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அவருடைய கணக்கில் அது ஒரு பெரிய பிரசங்கம். எனக்குப் பாதம் தரையில் நிற்கவில்லை. இதுதான் சமயம் என்று வட்டிலப்பத் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தேன்.

இவர் உளியை அதற்குரிய நெஞ்சுப் பொக்கட்டில் (பாத்தீங்களா, எவ்வளவு வசதி என்று நான் மனதுக்குள் மரைக்காயரிடம் சொன்னேன்) வைத்து, மணல் தாளை எடுத்து, தூணை மினுக்குவதற்காக முன்னால் சாய்ந்தார்.

பூமுடிச்சின் ஒரு காது, ஒரு தொங்கல், மெதுவாகப் போய்ச் சுழலுகிற மரத்தில் படுத்தது.

அடுத்த நொடி அது இல்லை. தூணில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு எண்ண முடியவில்லை. பட்டி முழுக்க உள்ளே போனது. பட்டியோடு ஏப்ரன் போனது. ஏப்ரனுக்குள் என்னுடைய புருசன் இருந்தார். இரண்டு கையையும் மெஷின் சட்டத்தில் ஊன்றி, பின்னால் இழுத்துக்கொண்டு நின்றார். சாதாரணத் துணியாக இருந்தால் கிழிந்து ஆளை விட்டிருக்கும். சாதாரணத் தையலாக இருந்தால் பிய்ந்திருக்கும். மருதமுனை நெசவு, நைலோன் நூல், மூன்று தையல். அது பிய்யவில்லை. கையால் எத்தனை முயன்றும் திறக்க வராத மூடி எல்லாம் இப்போது தானாகவே திறந்துகொண்டது. பெரிசு, நடு, சின்னன் என்று ஆணி கொட்டில் முழுக்க மழையாகப் பறந்தது. தொப்பி ஹாஜியாரின் தேத்தண்ணிக்குள் விழுந்தது. மரைக்காயர், அந்த வயதில், அந்தக் கம்பீரத்தோடு, மேசைக்குக் கீழே போய்விட்டார்.

"புள்ள," என்று இவர் கத்தினார். "சுவிட்ச்ச நிப்பாட்டச் சொல்லு."

யோசித்துப் பாருங்கள். மெஷின் ஆளைத் தின்கிறது. சுவிட்சில் கை வைத்தபடி மாமி நிற்கிறார், இவர் கண்ணுக்கு நேரே. அப்போதும் 'சொல்லு' என்றுதான் சொல்கிறார். அதை உம்மா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பழக்க தோசம், என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும். அப்படித்தானே எப்போதும்.

நான் வாயைத் திறந்தேன். அதில் வந்தது இதுதான்:

"விரிப்பு கிழியப் போகுது."

இன்றைக்கும் அந்தச் சொல் ஞாபகம் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். புருசனின் உயிரைப் பற்றி எனக்கு எவ்வளவு கவலை இருந்தது என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் வாய் அதைச் சொல்லவில்லை.

அந்த ஒரு நொடிதான். உம்மாவின் முக்காடு தோளில் விழுந்தது. சுவிட்ச் 'டக்' என்றது.

"நிப்பாட்டிட்டன் மகன்," என்றார் உம்மா. இவரைப் பார்த்து. நேராக. "கழட்டுங்க. அதக் கழட்டுங்க மகன்."

வார் கிரீச்சிட்டு, மரம் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் களைத்து நின்றது.  இவர் தாடையைத் தூணில் வைத்துக்கொண்டு, அதைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். தாடையில் ஒரு சிராய்ப்பு. நெஞ்சில் நோவு. வேறு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த நிலையிலும் மரியாதையாகப் பதில் சொன்னார். மாமியிடம் இவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"கழட்ட ஏலா மாமி."

"ஏன் ஏலா?"

"சாரமும் சேந்து சுத்திட்டு மாமி."

உம்மா அப்போதுதான் பார்த்தார். பார்த்த வேகத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஏப்ரனோடு சாரத்தின் முடிச்சும் தூணுக்குள் போயிருந்தது. இவர் மானம் முழுக்க என்னுடைய பதினொரு பொக்கட்டில் தொங்கியது. ஆனால் இருவரும் கதைப்பது நிற்கவில்லை. உம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டார்:

"நோகுதா மகன்?"

"இல்ல மாமி."

"பொய் சொல்லப்படா."

"கொஞ்சம் மாமி."

"வெட்டித்தான் எடுக்கணும். உளி எங்க?"

"நெஞ்சுப் பொக்கட்ல இரிக்கி மாமி."

இருந்தது. எல்லாம் பறந்து போன பிறகும் உளி மட்டும் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. (பதினொன்றில் ஒன்று வேலை செய்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) மேசைக்குக் கீழேயிருந்து மரைக்காயர் எழும்பி வந்தார். தோளிலிருந்த சால்வையை எடுத்து இவர் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "தச்ச ஆள்தான் வெட்டணும்" என்றார்.

நான் வெட்டினேன். என்னுடைய மூன்று தையலை நானே அறுத்தேன். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "பாத்து புள்ள, இன்னம் நான் உள்ளுக்கு இரிக்கன்" என்றார் இவர். யானை கட்டி இழுத்தாலும் பிய்யாத தையல், வெட்டவும் லேசில் விடவில்லை.

இவர் சால்வையோடு ஒதுங்கி நின்றார். தலை குனிந்திருந்தது. எனக்கு விளங்கியது, மிம்பர் போய்விட்டது. மரைக்காயர் தூணில் சுற்றிக் கிடந்த சிவப்பு மஞ்சள் துணியை உரித்து உரித்து எடுத்தார். தூணைக் கையால் தடவினார். கண்ணுக்கு நேரே வைத்துக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். கையால் ஒருமுறை சுழற்றி விட்டார். அது ஆடாமல் அசையாமல் சுழன்றது.

"ஒரு ஆளையே இழுத்திரிக்கி," என்றார், "மரம் நடு மாறல்ல."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் அவர் வாழ்க்கையிலேயே கதைத்த மிக நீளமான கதை என்று ஹாஜியார் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

"மாப்பிள்ள, மிம்பர நீங்கதான் செய்யணும். நான் கண்ணால கண்டுட்டன், வேல உங்கட கைதான். ஆனா ஒண்டு. இந்தப் படுக்கை விரிப்ப உடுத்துக்கிட்டுப் பள்ளிக்குள்ள வரப்படா."

அப்போதுதான் எனக்குக் கையில் பாரம் இல்லாதது தெரிந்தது. உளியை எடுக்கும்போது தட்டைப் பலகையில் வைத்திருக்கிறேன். அத்தனை அமளியிலும் வட்டிலப்பம் ஒரு துண்டுகூட விழவில்லை. மரைக்காயர் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஒரு ஆணியை வாயிலிருந்து எடுத்துத் தட்டோரமாக வைத்துவிட்டு, மூன்றாவதையும் எடுத்தார்.

அடுத்த ஏப்ரனில் பட்டி இல்லை, முடிச்சு இல்லை, பூ இல்லை. தலைவழியே மாட்டுகிற மாதிரி, முதுகில் தைத்தே குறுக்குப் போட்டு, உடம்போடு ஒட்டி நிற்கும். நெஞ்சில் இரண்டே பொக்கட், உளிக்கும் பென்சிலுக்கும். பழைய கூடாரத் துணி. இன்றைக்கும் அதே வெட்டில்தான் தைத்துக் கொடுக்கிறேன், கல்முனையில் இருந்தெல்லாம் ஓடாவிமார் கேட்டு வருகிறார்கள். ஆணியை மட்டும் இவர் பழையபடி வாயில்தான் வைத்துக்கொள்கிறார். நான் கலிமாவை விடவில்லை.

வீட்டுக்குள் வந்த மாற்றம்தான் பெரிசு. உடைந்தது உடைந்ததுதான், திரும்ப ஒட்டவில்லை. மறுநாள் காலை இவர் கொட்டிலில் நின்று, "புள்ள" என்று ஆரம்பித்தார். அதற்குள் உம்மா, "போட்டுட்டன் மகன்" என்றார். அதோடு என்னுடைய உத்தியோகம் போனது. மீன் முள், மழை, மரத்தின் விலை, எங்கள் வீட்டுப் பெண்களின் புத்தி, எல்லாவற்றையும் இரண்டு பேரும் கதவுக்கு அங்கால் ஒருவரும் இங்கால் ஒருவருமாக இருந்து கதைத்தார்கள். ஒரு வருச மௌனத்துக்கும் சேர்த்துக் கதைத்தார்கள். வாத்தியார் மாப்பிள்ளை பற்றி ஒருநாள் துணிந்து கேட்டேன். "வாத்தியாரா?" என்றார் உம்மா. "மெஷினுக்க கிடந்துக்கிட்டு மாமி எண்டு கூப்பிடுவாரா உன்ட வாத்தியார்?"

உம்மா மவுத்தாகிக் கண்மூடும் வரை அந்தக் கதையை வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொன்னார். 'விரிப்பு கிழியப் போகுது' என்ற இடத்தில் என்னுடைய குரலில் சொல்வார். எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது அவசரத்தில் தப்பான விசயத்துக்குக் கவலைப்பட்டால், "விரிப்பு பத்திரமா?" என்றுதான் கேட்பார்கள்.

இவ்வளவையும் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம். இப்போது யாரும் அந்தக் காலத்து மாதிரிக் கதைக்காமல் இருப்பதில்லை. ஆனாலும் நான் மாமி ஆகிவிட்டேன். மருமகனிடம் முதன்முதலில் சொல்கிற வார்த்தை நல்ல வார்த்தையாக, கண்ணியமாக, காலத்துக்கும் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். 'இது இனி உங்கட வீடு மகன்' என்று முடிவு செய்திருந்தேன். கொஞ்சம் கண் கலங்கவும் ஏற்பாடு.

மருமகன் வந்தார். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் கல்யாணச் சால்வை. அதன் ஒரு முனை பின்சில்லுக்குப் பக்கத்தில், காற்றில், ஆடிக்கொண்டிருந்தது.

நான் படியிலிருந்து இறங்கி ஓடினேன். என்னுடைய முக்காடு எங்கேயோ விழுந்தது.

"கழட்டுங்க," என்றேன். "அதக் கழட்டுங்க மகன்."

அந்தப் பிள்ளை பயந்துபோய்ச் சால்வையையும் கழற்றி, தொப்பியையும் கழற்றி, கைக்கடிகாரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னால் வாசலில் நின்று இவர் சிரித்த சிரிப்பு ரோட்டு வரைக்கும் கேட்டது. வாயில் ஆணி வேறு.